நான்கு பிஸ்டன், நான்கு சிலிண்டர், ஒரு ஸ்டோரம்மா

ஒரு கத்தரிக்கோல் நல்லதா என்பது ஈரப்பஞ்சை வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல கத்தரி நுனிவரை வெட்டும். மோசமானது கடைசி அரை அங்குலத்தில் பஞ்சைக் கடித்து இழுக்கும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கான கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, பொட்டலம் கட்டி அனுப்பும் ஸ்டோரில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு இந்தச் சோதனை கைப்பழக்கம். ஒருமுறை நூற்றிருபது கத்தரிகள் வந்த பெட்டியில் பன்னிரண்டை எடுத்துப் பஞ்சு வெட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்தாள். கொண்டுவந்த விற்பனைக்காரன் கெஞ்சினான்.

"ரெண்டுதானம்மா சரியில்ல."

"அந்த ரெண்டும் யார் வயித்துக்குள்ள போகும்னு எழுதிக் குடுங்க. மீதிய எடுத்துக்கறேன்."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். டாக்டர்கள் அவளுக்கு ஸ்டோரம்மா என்று பெயர் வைத்தது அப்படித்தான். ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியும் பெயர் போகவில்லை. காய்கறிக்காரியிலிருந்து பெற்ற மகள்வரை அவளை அப்படித்தான் சொல்கிறார்கள். கணவர் மட்டும் கோபம் வந்தால்தான் அப்படிக் கூப்பிடுவார்.

கணவர் வேன் ஓட்டுகிறார். நாற்பத்தெட்டு வயது வேன். முகம் தட்டை, எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் என்ற பேச்சே கிடையாது. எஞ்சினுக்குச் சூடு ஏறினால் உள்ளே சுற்றும் ஒரு விசிறி காற்றடித்து ஆற்றும், அவ்வளவுதான். ஆனால் பக்கவாட்டில் அகலமான கதவும், நடுவில் சமமான தரையும் உண்டு. அவர் ஒரு மரப்பலகையைச் சரிவாக அறுத்து வாசலில் பொருத்தியிருந்தார். சக்கர நாற்காலி அப்படியே உருண்டு உள்ளே போகும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மூன்று பேரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவர்கள் இருவரின் வேலை. அவர் ஓட்டுவார், அவள் ஆட்களைப் பார்த்துக்கொள்வாள்.

அந்த மூவரில் இருவர் நடப்பார்கள், எந்த வண்டியிலும் ஏறுவார்கள். மூன்றாமவர் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றவர், இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவருடைய நாற்காலி வேறு எந்தக் காரிலும் ஆட்டோவிலும் நுழையாது. மடக்கி வைத்துவிட்டு ஆளைத் தூக்கி உட்கார வைக்கலாம்தான். தூக்க வருகிறவர்களைப் பார்த்தாலே டீச்சருக்கு ஆகாது.

போன வருஷம் எஞ்சின் இழுக்க மாட்டேன் என்றபோது, கணவர் அவளைக் கேட்காமல் ஒரு பளபளப்பான பெட்டியை வாங்கி வந்தார். நான்கு பிஸ்டன், நான்கு சிலிண்டர். பெட்டிமேல் வெள்ளிநிற ஸ்டிக்கர் மினுங்கியது. எட்டாவது மாதம் மறுபடியும் புகை வந்தது. இந்த முறை மேட்டில் நின்றே போனது.

மெக்கானிக் எஞ்சினை இறக்கிப் பிரித்தான். அவன் வாயைத் திறந்தால் எண்ணெய் குறைந்துவிடும் என்பதுபோல இருக்கும் ஆள். ஒரு சிலிண்டரைக் கழற்றி, துடைத்து, அவள் கையில் கொடுத்தான். அவள் உள்ளே விரலை விட்டுச் சுற்றினாள். பூனை பிராண்டியதுபோல மேலிருந்து கீழ்வரை கோடுகள்.

"இது ஏன் இப்படி ஆச்சு?" என்றாள்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். வருகிறவர்கள் எல்லாரும் 'எப்ப ரெடியாகும்' என்றுதான் கேட்பார்கள். ஏன் என்று கேட்கும் ஆளை அவன் பார்த்து நாளாகியிருந்தது. கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"தண்ணி ஓடற எஞ்சின்னா சூட்டத் தண்ணி வாங்கிக்கும் அக்கா. இதுக்குக் காத்து மட்டும்தான். சிலிண்டரச் சுத்தி அடுக்கடுக்கா தகடு இருக்கு பாருங்க, ஃபின்னு. அந்தச் சந்து வழியா காத்து போய்த்தான் ஆறணும். இதுல பாதிச் சந்து அடைச்சே வார்த்திருக்கான். உலோகமும் மட்டம். பிஸ்டன் உப்பும், சிலிண்டர் கோணும். அப்புறம் ரெண்டும் ஒண்ண ஒண்ணு கடிச்சுக்கும்."

"ஒத்தடம் போட முடியாத காய்ச்சல். விசிற மட்டும்தான் முடியும்."

"ஆமா. அதான் உடம்பு நல்லதா இருக்கணும்."

நல்ல உடம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு அவன் ஸ்பானரை மறுபடி எடுத்துக்கொண்டான். அந்த வேனைச் செய்தவர்கள் நிறுத்திப் பல வருஷமாகிறது, கடைகளில் இருப்பது முக்கால்வாசி இதே சாதி, தேடித்தான் பார்க்க வேண்டும் என்றான். அவள் செத்த பிஸ்டன் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று கணவர் கேட்டார். சவப் பரிசோதனைக்கு என்றாள்.

நாள் குறைவாக இருந்தது. நடப்பவர்கள் இருவரையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதக் கடைசிவரை பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். டீச்சருக்கு யாரும் கிடையாது. ஸ்டோரம்மாவின் மாப்பிள்ளை மரச்சாமான் கடை வைத்திருக்கிறார். தன் மூடுவண்டியை அதுவரை தருவதாகச் சொன்னார். அதன் பிறகு அந்த வண்டி ஒரு ஹோட்டல் வேலைக்காக வெளியூர் போகிறது, மூன்று மாதம் திரும்பாது. டயாலிசிஸ் மையத்தின் விதி எல்லாருக்கும் தெரியும். தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் அந்த இடம் வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு. இடம் போனால் திரும்பக் கிடைக்க எத்தனை மாதம் ஆகும், அதுவரை டீச்சரின் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்பதை ஸ்டோரம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாதம் முடியப் பதினேழு நாள் இருந்தது.

முதல் நாள் டீச்சரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி மூடுவண்டியில் ஏற்றினார்கள். உள்ளே டெலிவரிக்குப் போகும் அலமாரிகள் நின்றன.

"மூணு கதவு பீரோவுக்கும் கண்ணாடி பீரோவுக்கும் நடுவுல நான்" என்றார் டீச்சர். "எறக்கும்போது வீடு மாத்தி எறக்கிடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் வழி முழுக்க ஒரு அலமாரியின் கைப்பிடியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

மறுநாளிலிருந்து ஸ்டோரம்மா கடை கடையாக ஏறினாள். பையில் சமையலறைத் தராசு, காந்தம், பூதக்கண்ணாடி, வெள்ளைக் கைக்குட்டை. முதல் கடையில் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைப் பிரித்து நான்கு பிஸ்டனையும் தராசில் வைத்தாள். லேசானதற்கும் கனமானதற்கும் பதினோரு கிராம் வித்தியாசம். நான்கும் ஒரே தண்டில் ஆடுகிறவை, ஒன்று தடியனாக இருந்தால் எஞ்சின் குலுங்காதா என்று கேட்டாள்.

"பிஸ்டனை நிறுத்து வாங்கற கடை அடுத்த தெருவுல இருக்கும்மா" என்றான் கடைக்காரன். "பழைய இரும்புக் கடை."

"அங்கயும் போவேன். உங்க சரக்கு அங்க எப்ப வந்து சேரும்னு கேட்டுட்டு வரேன்."

இரண்டாவது கடையில் சிலிண்டரைக் கைக்குட்டைமேல் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினாள். ஃபின் சந்துகளிலிருந்து வார்ப்பு மணல் உதிர்ந்தது. காற்று போக வேண்டிய இடத்தில் மண் இருக்கிறதே என்றதற்கு, வண்டி ஓட ஓடத் தானே உதிர்ந்துவிடும் என்று பதில் வந்தது. அட்டையும் அச்சும் அருமையாக இருந்த இன்னொரு பெட்டியில் பிஸ்டன் பளிச்சென்று இருந்தது. ஆனால் ரிங் உட்காரும் பள்ளத்தின் ஓரம் மழுங்கியிருந்தது. மோந்து பார்த்தாள். எரிந்த எண்ணெய் வாடை. ஏற்கனவே ஒரு எஞ்சினில் குடித்தனம் நடத்திவிட்டு வந்த பிஸ்டன், குளித்து முழுகிப் புதுப் பெட்டியில் உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் தேடி, கடல் தாண்டி ஒரு நல்ல செட் இருக்கிறது என்று படம் காட்டினார். வந்து சேர ஆறு வாரம். படத்தைத் தராசில் வைக்க முடியாது என்பது ஒருபுறம். ஆறு வாரம் யாரிடமும் இல்லை.

ஒன்பதாவது நாள், ஏழாவது கடையில், அவள் பூதக்கண்ணாடியை எடுத்ததுமே கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, உங்கள மாதிரியே ஒருத்தர் இருக்காரு. நேரா அவர்கிட்டயே போயிடுங்க. ரெண்டு பேருக்கும் பொழுது போகும்."

அந்த ஆள், வேன் விற்ற பழைய ஏஜென்சியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஏஜென்சியை மூடியபோது மற்றவர்கள் கணக்கு முடித்துப் பணம் வாங்கிக்கொண்டார்கள். இவர் மிச்சமிருந்த உதிரிபாகங்களை வாங்கிக்கொண்டார். ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தார். ஸ்டோரம்மா படியேறிப் போனபோது கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே வாருங்கள் என்பதற்கு முன்னால், "எஞ்சின் நம்பர்?" என்றார்.

அவள் மூச்சு விடாமல் சொன்னாள்.

"சேஸிஸ் நம்பர்?"

அதையும் சொன்னாள். கதவு இன்னும் ஒரு சாண் திறந்தது. யார் ஓட்டுகிறார், எதற்கு ஓட்டுகிறார், கடைசியாக எஞ்சினைப் பிரித்தது யார் என்று நின்றவாக்கில் விசாரணை நடந்தது. வியாபாரிகளுக்கு அவர் கொடுப்பதில்லையாம். வாங்கிப்போய்ப் பதுக்கிவைத்து விலையை ஏற்றுகிறார்களாம். எடுத்த எடுப்பிலேயே விலை கேட்கிற ஆளுக்குக் கதவு சாத்திவிடுவாராம். ஸ்டோரம்மா அதுவரை விலை கேட்டிருக்கவில்லை.

உள்ளே மூன்று அறை. மூன்றிலும் கூரைவரை அலமாரி. கட்டில் ஒரு மூலையில் விருந்தாளிபோல ஒதுங்கிக் கிடந்தது. வெயில் படாமல் ஜன்னலுக்குத் தடித்த துணி. ஈரம் இழுக்க ஒவ்வொரு தட்டிலும் ஒரு கிண்ணத்தில் சுண்ணாம்புக் கட்டி. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒரு அட்டை தொங்கியது. என்ன பொருள், வந்த தேதி, கொடுத்த தேதி, யாருக்கு, மிச்சம் எத்தனை. அவள் ஆஸ்பத்திரியில் எழுதிய அதே மாதிரி அட்டைகள். இவர் கையெழுத்து அவளுடையதைவிட நன்றாக இருந்தது. அவளுக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது.

"முதல்ல வந்தது முதல்ல போகணும்னு வச்சிருக்கீங்களா ஐயா?"

"வேற எப்படி வைப்பாங்க?" என்றார் பெரியவர்.

அவள் கேட்டதில் ஒரே ஒரு செட்தான் மிச்சம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அவர் பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்து, உள்ளே நான்கு பொட்டலத்தையும் காட்டினார். மெழுகுக் காகிதத்தில் சுற்றிய சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் அதனதன் பிஸ்டன். மேலே துருப் பிடிக்காமல் பூசிய பழுப்பு கிரீஸ் வெல்லப்பாகுபோல இறுகியிருந்தது. அவள் தராசை எடுத்தாள். அவர் அதைப் பார்த்தார்.  நான்கு பொட்டலத்துக்கும் நான்கு கிராம்கூட வித்தியாசம் இல்லை.

விலை அவள் பயந்த அளவு இல்லை. அவர் ஒரு நிபந்தனை சொன்னார். எஞ்சினிலிருந்து எடுத்த பழைய செட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அது எப்படிச் செத்தது என்று அவர் பார்க்க வேண்டும். பிறகு அட்டையில் வண்டி நம்பரையும் அவள் பெயரையும் எழுதி, படிவரை வந்து வழியனுப்பினார்.

"பொட்டலத்தப் பிரிக்காம மெக்கானிக் கையில குடுத்துடுங்க."

அவள் தலையாட்டினாள். டிஸ்சார்ஜ் ஆகிற நோயாளி, உப்பைக் குறைத்துக்கொள் என்று டாக்டர் சொல்லும்போது தலையாட்டுவானே, அப்படி.

காரணத்தை அவர் சொல்லவில்லை. இன்னொரு ஸ்டோர் கீப்பருக்குச் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பார். அவளோ, வந்த சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் கைமாற்றியது ஆயுளில் இல்லை. பிரிக்காதே என்பது சரக்கைச் சேர்த்து மட்டும் வைக்கிற ஆளின் சோம்பல் என்றே எடுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்தாள். நான்கு பொட்டலத்தையும் பிரித்து, சிலிண்டரிலிருந்து பிஸ்டனை வெளியே எடுத்தாள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து கிரீஸை எடுத்தாள். சோப்புத் தண்ணீரில் கழுவி, பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு ஃபின்னின் சந்தையும் தேய்த்து, வெந்நீரில் அலசித் துடைத்தாள். கடைசியில் ஸ்பிரிட். ஒரு உருப்படிக்கு ஒரு புதுத் துணி, ஒருமுறை துடைத்த துணியால் மறுமுறை துடைப்பதில்லை. பிறகு ஸ்டோரில் தட்டு அடுக்குவதுபோல இனம் இனமாக அடுக்கினாள். கத்தரிகளோடு கத்தரி, இடுக்கிகளோடு இடுக்கி என்பதுபோல, பிஸ்டன் நான்கும் இந்தப் பக்கம், சிலிண்டர் நான்கும் அந்தப் பக்கம். எட்டும் தங்கமாய் மின்னின.

கணவர் வாசற்படியிலேயே நின்றார். "உள்ள வரலாமா? இல்ல, மாஸ்க் போட்டுக்கணுமா?"

"கைய மட்டும் பின்னால கட்டிக்கோங்க."

சாயங்காலம் மெக்கானிக் வந்தான். மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். குனிந்து ஒரு பிஸ்டனின் தலையைப் பார்த்தான், பிறகு அடுத்தது, பிறகு மீதி இரண்டும். சிலிண்டர்களையும் அதே மாதிரி பார்த்தான்.

"அக்கா, இதுல கலர் புள்ளி இருந்திருக்குமே?"

இருந்தது. பிஸ்டன் தலையில் ஒன்றும் சிலிண்டர் ஓரத்தில் ஒன்றும், மிளகு அளவுக்கு, பெயிண்ட் சிந்தியதுபோல. கொஞ்சம் பிடிவாதமான கறை. ஸ்பிரிட்டில்தான் போனது.

மெக்கானிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவன் அன்று பேசியதுதான் அந்த வருஷத்திலேயே அதிகமாக இருக்கும். தொழிற்சாலையில் எத்தனை கவனமாகச் செய்தாலும் ஒவ்வொரு உருப்படியும் மயிரிழை முன்னே பின்னே இருக்கும். அதனால் அளந்து பார்த்து, எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டருக்குச் சரியாக வருமோ அதை அதற்குள்ளேயே போட்டு, இரண்டுக்கும் ஒரே நிறத்தில் புள்ளி வைத்து அனுப்புவார்கள். மாறிப் போனால் ஒன்று தொளதொளவென்று தட்டும். இன்னொன்று இறுகிச் சூட்டில் பிடித்துக்கொள்ளும்.

அவள் எழுந்து போய்க் கழுவுமிடத்திலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். துடைத்த துணிகள். ஆபரேஷன் அறையில் துடைத்த துணியை எண்ணாமல் எறியக் கூடாது. அவளும் எறியவில்லை, துடைத்த வரிசையிலேயே எட்டும் இருந்தன. ஏதாவது ஒரு துணியில் துளி நிறமாவது ஒட்டியிருக்காதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எட்டிலும் ஒரே பழுப்பு.

"இப்படியே மாட்டினா ஓடுமா, ஓடாதா?" என்றார் கணவர்.

"ஓடும் அண்ணே. எத்தன நாள்னு சொல்ல மாட்டேன்."

வேறு செட் கிடையாது. மாதம் முடிய ஏழு நாள். ஸ்டோரம்மா அழுகிற ஆள் இல்லை. தப்பு நடந்தால் முதலில் தெரிய வேண்டியவருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்பதும் அந்த ஸ்டோரின் பழக்கம்தான். போனை எடுத்துப் பெரியவரைக் கூப்பிட்டாள்.

"ஐயா, பிரிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. பிறகு, "கலைச்சுட்டீங்களா?"

"கலைச்சுத் துடைச்சுட்டேன்."

"நல்லா துடைச்சீங்களா?"

"நல்லாத் துடைச்சுட்டேன் ஐயா."

"துடைச்சிருப்பீங்க" என்றார் பெரியவர். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அட்டையைப் பார்த்து, நான்கு ஜோடிக்கும் இருக்க வேண்டிய இடைவெளி ஒன்றுதான் என்றார். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் நாலு பங்கு. அளந்து பார்த்தால் எது எதற்கு என்று தானே தெரிந்துவிடும். அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

தெரிந்த ஆள் லேத் பட்டறைக்காரர். மறுநாள் அவள் எட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். அவரிடம் நல்ல மைக்ரோமீட்டரும், சிலிண்டரின் உள்வாயை அளக்கும் கருவியும் இருந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், அவர் அளந்து சொன்னார், அவள் எழுதினாள். நிச்சயத்துக்கு மூன்று சுற்று. மூன்று சுற்றும் மூன்று விதமாக வந்தது. முதல் சுற்றில் ஒன்றாம் பிஸ்டன் சின்னது. மூன்றாம் சுற்றில் அதுதான் பெரியது. பட்டறைக்காரர் கருவியைத் தட்டிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார். பிறகு, பழைய சரக்கு, கோணிப் போயிருக்கும் என்று கைவிரித்துவிட்டார்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் நேராக டீச்சர் வீட்டுக்குப் போனாள். பயணம் டீச்சருடையது. கெடுத்தவள் வாயாலேயே அவர் கேட்க வேண்டும். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.  சொல்லி முடித்ததும் டீச்சர், "அந்தப் பேப்பர இப்படிக் குடு" என்று கையை நீட்டினார்.

ஜன்னலோர மேஜையில் நாற்காலியைச் சேர்த்துப் போட்டு, சிவப்புப் பேனாவால் எண்களுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டே போனார். மூன்று சுற்றையும் இரண்டு தடவை ஒப்பிட்டார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"ஸ்டோரம்மா, இந்த நாலும் வளருது. சிலிண்டர் அவ்வளவா வளரல. பிஸ்டன்தான். முதல் சுத்தவிட ரெண்டாவதுல பெருசு, அதவிட மூணாவதுல பெருசு. அது என்ன, பாலு கீலு குடுத்தியா?"

"தொட்டதத் தவிர ஒண்ணும் பண்ணல."

"எப்படித் தொட்டே?"

அவள் காட்டினாள். பச்சைக் குழந்தையைக் கைமாற்றுவதுபோல, ஒரு கை கீழே, ஒரு கை மேலே. பட்டறைக்காரர் எண்ணைப் படித்துச் சொல்லும்வரை அடுத்ததை அப்படியே மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உன் கையக் குடு" என்றார் டீச்சர். வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "அடுப்பு மாதிரி இருக்கு. அலுமினியத்துக்கு இது போதும். நீ நூத்துல ஒரு பங்கத் தேடறே. உன் கைச்சூடே நூத்துல ரெண்டு பங்கு ஊதிவிடுது. பிஸ்டன் கோணல. நீ அதத் தூக்கி வச்சுக் கொஞ்சியிருக்கே."

ஸ்டோரம்மா தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷமும் குளிர்ந்த கருவிகளையே தொட்ட கை. அது உலோகத்தை வளர்க்கும் என்று யாரும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலமே பட்டறைக்காரரிடம் கெஞ்சிக் கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எட்டு உருப்படியும் அளவுக் கருவிகளும் ஒரே மேஜையில், ஒரே துணிக்குக் கீழே. ஜன்னலைச் சாத்தினாள், விசிறியை நிறுத்தினாள். யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது. காலை ஐந்தே முக்காலுக்குப் பட்டறைக்காரர் கொட்டாவியோடு வந்தார். கணவர் அடுப்பைப் பற்றவைக்கப் போனார். அவள் கையாலேயே தடுத்தாள்.

"ஒரு வாய் டீ போட்டா எஞ்சின் வளர்ந்துடுமா?"

"வளரும். போய் உக்காருங்க."

அவளும் பட்டறைக்காரரும் கையில் இரட்டைத் துணி உறை மாட்டிக்கொண்டார்கள். ஒரு உருப்படியை ஒரே ஒருமுறை தொட்டு, அளந்து, வைத்துவிட வேண்டும். பேச்சுகூடக் கிசுகிசுவென்றுதான் நடந்தது, சத்தத்துக்கும் சூடு உண்டு என்பதுபோல. முதல் சுற்று முடிந்தது. அரை மணி கழித்து இரண்டாவது. மூன்றாவது. பட்டறைக்காரருக்குத் தூக்கம் தெளிந்துவிட்டது. மூன்று வரிசையும் ஒன்றுக்கொன்று அச்சடித்ததுபோல இருந்தன.

டீச்சர் போனில் காத்திருந்தார். அவள் எண்களை வாசிக்க, அந்தப் பக்கம் பேனா ஓடுவது கேட்டது. மூன்றாம் பிஸ்டன் ஒன்றாம் சிலிண்டருக்கு, ஒன்றாவது நாலுக்கு, நாலாவது இரண்டுக்கு, இரண்டாவது மூன்றுக்கு. அப்படிச் சேர்த்தால் நான்கு ஜோடியிலும் இடைவெளி நூற்றில் நாலு பங்கு. வேறு எப்படிச் சேர்த்தாலும் ஏதாவது ஒரு ஜோடி இடிக்கிறது.

"அவ்வளவுதான் பொருத்தம்" என்றார் டீச்சர். "இனிமே பிரிச்சு வைக்காதே."

ஸ்டோரம்மா, பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் கட்டும் நாடாவைப்போல எட்டுத் துணி நாடா வெட்டி, எண் எழுதி, ஜோடி ஜோடியாகக் கட்டினாள். பிறகு தன் பழைய நோட்டை எடுத்தாள். சரக்கு வாங்குவதற்கு அவளே எழுதிவைத்த பதினோரு விதிகள் அதில் இருந்தன. பன்னிரண்டாவதாக எழுதினாள்: பிரிக்கும் முன், பிரிக்கலாமா என்று கேள்.

பெரியவருக்குப் போன் செய்தபோது அவர் இரண்டே கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்பது ஒன்று. ஐந்தே முக்கால் என்றாள். அறையில் யாராவது அடுப்புப் பற்றவைத்தார்களா என்பது இன்னொன்று. இல்லை என்றாள். "சரி, மாட்டுங்க" என்றார். பழைய செட்டைக் கொண்டுவருவதை மறந்துவிட வேண்டாம் என்றும் சொன்னார்.

மெக்கானிக் மூன்று நாளில் எஞ்சினை ஏற்றினான். நாடாவை ஒவ்வொன்றாக வெட்டி அவள் கையிலேயே கொடுத்தான். எட்டும் வந்துவிட்டதா என்று அவள் எண்ணிப் பார்த்துக்கொண்டாள். ஆயிரம் கிலோமீட்டர்வரை விரட்டக் கூடாது என்று கணவரிடம் சொன்னான். அவளிடம் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தான். போய் நின்றதும் எஞ்சினிலிருந்து எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, நுனியை இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். மூன்று எண்ணும்வரை பிடிக்க முடிந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது. அதற்குள் விரல் சுட்டால் நிறுத்திவிட வேண்டும். அவளுக்கு அந்தச் சோதனை மிகவும் பிடித்தது. ஈரப்பஞ்சை வெட்டுவதுபோல இருந்தது.

மாதத்தின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளையின் மூடுவண்டி காலையிலேயே ஊரை விட்டுப் போய்விட்டது. நடப்பவர்கள் இருவரும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். பலகை போட்டதும் டீச்சர் தானே சக்கரத்தைத் தள்ளி உள்ளே வந்தார். நடுவில் நின்றதும் இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பார்த்தார்.

"பீரோ எதையும் காணோமே."

வேன் கிளம்பியது. கணவர் சவ ஊர்வலம்போல ஓட்டினார். ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு முந்திப் போனான். டீச்சர் அவனைக் கண்ணாடி வழியாகக் கடைசிவரை பார்த்தார்.

"நான் நடந்தே போயிருப்பேன்" என்றார்.

போன முறை நின்றுபோன மேடு வந்தது. ஸ்டோரம்மா பின்பக்கம் காதைத் திருப்பி உட்கார்ந்தாள். நாலு ஜோடியில் ஒன்றாவது தப்பாக இருந்தால் இங்கே சொல்லிவிடும். எஞ்சின் குரலை ஒரு சுதி இறக்கிக்கொண்டு, தட்டாமல், முனகாமல் ஏறியது. மேட்டின் தலைக்கு வந்தபோதுதான் தான் டீச்சரின் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. டீச்சரின் கையும் அதே பிடியில் இருந்தது.

மையத்து வாசலில் வேன் நின்றது. மற்ற இருவரையும் கணவர் உள்ளே கூட்டிப்போனார். ஸ்டோரம்மா பின்பக்க மூடியைத் திறந்து, கம்பியை உருவி, நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தாள். பலகையிலிருந்து இறங்கிய டீச்சர் உள்ளே போகாமல் நின்றார். நர்ஸ் ஒருத்தி வாசலில் வந்து, நேரமாகிறது என்று கூப்பிட்டாள்.

"எத்தனை?" என்றார் டீச்சர்.

"அஞ்சு எண்ணினேன்."

"வேகமா எண்ணியிருப்பே."

"நாடி பார்க்கற வேகம்தான்."

டீச்சர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். இது காலைக் குளிரில் வந்தது, நாலு மணி நேரம் கழித்து வெயிலில் திரும்பும்போது என்ன வருகிறது என்று பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது என்றார். வீட்டு வாசலில் மறுபடி உருவிப் பார்க்க வேண்டும், இந்த முறை தானே எண்ணப்போவதாகவும் சொன்னார். பிறகு சக்கரத்தைத் திருப்பி, தன் இடத்துக்குப் போனார்.